இவ்வளவு என்றால் எவ்வளவு

மாதத்தின் முதல் தேதி வந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். அன்றைக்குத்தான் வெர்னா கையில் காபிக் கோப்பையோடு என் மேஜையருகே வந்து நின்று, "மார்லிஸ், இந்த மாசத்துக்கு எழுதிட்டியா?" என்று கேட்பாள்.

வெர்னா ஸ்ட்ராண்ட் எங்கள் முதலாளி. அமெரிக்காவின் வடக்கே டுலூத் நகரத்தில், ஏரியைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் அலுவலகம். வழக்கு நீதிபதி முன்னால் போவதற்கு முன்பே, இரு தரப்பு வக்கீல்களும் சாட்சிகளை ஓர் அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். சாட்சிக்குச் சத்தியம் செய்து வைத்து, அங்கே பேசுவதையெல்லாம் வார்த்தை விடாமல் சுருக்கெழுத்து மெஷினில் அடித்துப் புத்தகமாக்கிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் இருபத்திரண்டு வருடமாக அடிக்கிறேன். விரல் தேய்வது போதாதென்று, மூன்று வருடத்துக்கு முன் வெர்னாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாதம் ஒரு தாள் போட வேண்டுமாம். ஒரு பக்கம் அலுவலகச் செய்தி, மறு பக்கம் வக்கீல்களுக்கு உபயோகமான குறிப்புகள். எழுத வேண்டியது நான்.

அலுவலகச் செய்தி என்ன பெரிய செய்தி? காபி மெஷின் மாறியது. பின்புறம் வண்டி நிறுத்தும் இடத்தில் பனியை இனிமேல் வேறு ஆள் வாருவார். அதை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். குறிப்புகள்தான் என் உயிரை வாங்கும். ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுங்கள், எனக்கு இருப்பது ஒரு ஜோடிக் கை. ஆவணத்தைப் படிக்கும்போது ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி படிக்காதீர்கள். என் காதருகே உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். தலையாட்டினால் பதிவில் வராது. இப்படி முப்பத்தாறு மாதம் எழுதியிருக்கிறேன். ஒருவராவது கேட்டிருக்க வேண்டுமே. தலையாட்டாதீர்கள் என்று நான் எழுதியதைப் பற்றி ஒரு வக்கீலிடம் சொன்னால், அவர் அதற்கும் தலையாட்டுகிறார்.

யாராவது படிக்கிறார்களா என்று ஒரு தடவை சோதித்தும் பார்த்தேன். எல்லாக் குறிப்புகளையும் சேர்த்து ஒரே தாளில் போட்டபோது, ஏழாம் குறிப்பின் நடுவில், 'இதுவரை படித்தவர் என்னிடம் வந்து சொன்னால், ப்ளூபெர்ரிப் பழம் வைத்து ஒரு பை சுட்டுத் தருகிறேன் - மார்லிஸ் ஹியெட்டலா' என்று ஒரு வரி சேர்த்தேன். வக்கீல் அலுவலகங்கள் எல்லாவற்றுக்கும் அது போனது. எங்கள் வரவேற்பறையிலும் ஒரு கட்டு கிடந்தது. பதினான்கு மாதம் ஆயிற்று. பை கேட்டு ஒரு ஆள்கூட வரவில்லை. வெர்னாவே வரவில்லை. அச்சுக்குக் கொடுத்தவள் அவள்தான்.

அந்தக் குறிப்புகளில் முதலாவது, சாட்சி கையால் காட்டும் அளவை வாயாலும் சொல்ல வையுங்கள் என்பது. அதை மட்டும் நான் எரிச்சலில் எழுதவில்லை, குற்ற உணர்ச்சியில் எழுதினேன். நான்கு வருடத்துக்கு முன் லூயெல்லா என்று ஒரு பெண்மணி சாட்சி சொல்ல வந்தாள். துணி வெளுக்கும் கம்பெனியில் வேலை. நீராவிப் பெட்டியின் கதவு சரியாக மூடாமல் முகமும் கழுத்தும் வெந்துபோனவள். கதவு எவ்வளவு திறந்திருந்தது என்ற பேச்சு வந்தபோது, "இங்கேருந்து இதுவரைக்கும்" என்று கையால் காட்டினாள். அறையில் இருந்த எல்லாரும் பார்த்தோம். நானும் பார்த்தேன். ஆனால் என் கண் பார்த்ததை நான் எழுத முடியாது. காது கேட்டதைத்தான் எழுத வேண்டும். 'இங்கேருந்து இதுவரைக்கும்' என்று அடித்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'காட்டுகிறார்' என்று போட்டேன். எவ்வளவு என்று அவள் வக்கீல் கேட்டு, அவளை வாயால் சொல்ல வைத்திருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. நீதிபதி தாளைத்தான் படித்தார். தாளில் அளவு இல்லை. வழக்கு விசாரணைக்கே வராமல் தள்ளுபடி ஆயிற்று.

எதிர்த்தரப்பு வக்கீல் கார்ல்டன் ப்ரூயிட். எங்கள் அலுவலகத்துக்கு மிக அதிகமாக வேலை கொடுக்கிறவர் அவர். எனவே அவரைப் பற்றி வெர்னா முன்னால் மூச்சு விடக் கூடாது.

போன ஜனவரியில் ஒரு வாக்குமூலம். காலை ஒன்பதுக்கு என்று சொல்லியிருந்தார்கள். எட்டே முக்காலுக்கே சாட்சி வந்துவிட்டார். ஆர்வோ கங்காஸ், அறுபது வயது இருக்கும், வடக்கே சில்வர் பே என்ற ஊரிலிருந்து ஒரு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்திருந்தார். துறைமுகத்தில் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். தானியம் ஏற்றும் பெல்ட்டுக்கு மேலே ஒரு மூடித் தகடு இருக்கும். அது விலகி நின்ற இடத்தில் அவருடைய இடது கை உள்ளே போய்விட்டது. இப்போது அந்தக் கையில் இரண்டு விரல்தான். கம்பெனி அன்று சாயங்காலமே தகட்டை மாற்றிவிட்டது. புகைப்படம் கிடையாது. எவ்வளவு விலகியிருந்தது என்று பார்த்த மனிதர் இவர் ஒருவர்தான்.

கம்பெனிக்கு வக்கீல் இந்தத் தடவையும் ப்ரூயிட்தான். ஒன்பதுக்கு வரவில்லை. வழக்கம்தான். பத்தே காலுக்கு வந்தார். அதுவரை கங்காஸ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வக்கீல் ட்ரெவர் ஹாஃப், இரண்டு வருடத்துக்கு முன் படிப்பு முடித்த பையன், ஜன்னலோரம் நின்று செல்போனில் வேறு எந்த வழக்குக்கோ யாரையோ சமாதானம் செய்துகொண்டிருந்தான். நான் சாட்சிகளோடு பேசக் கூடாது. பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம், அவ்வளவுதான். பேசிவிட்டு உள்ளே போய் மெஷினைச் சரி செய்தேன்.

ப்ரூயிட் உள்ளே வந்ததும் கோட்டைக் கழற்றிக்கொண்டே, "வழக்கம்போலத்தானே, ட்ரெவர்?" என்றார்.

"ஆமா சார், வழக்கம்போல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இந்த 'வழக்கம்போல' இருக்கிறதே, டுலூத் வக்கீல்கள் எல்லாரும் வாக்குமூலம் தொடங்குமுன் சொல்லும் மந்திரம் இது. எதை ஒத்துக்கொள்கிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஒருவருக்கு ஆட்சேபம் பிறகு சொல்லலாம் என்று அர்த்தம். இன்னொருவருக்குச் சாட்சி கையெழுத்து வேண்டாம் என்று அர்த்தம். மூன்றாமவருக்கு மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்கு என்று அர்த்தம். மூன்றாம் குறிப்பில் இதைத்தான் எழுதியிருந்தேன்.

"வழக்கம்னா என்ன சார்? பதிவுல வாயால சொல்லிட்டா நல்லது" என்றேன்.

ப்ரூயிட் சிரித்தார். "மார்லிஸ், நீ என்ன நேத்துதான் பொறந்தியா? சத்தியம் பண்ணி வை, ஆரம்பிக்கலாம்."

சத்தியம் செய்து வைத்தேன். கங்காஸ் வலது கையைத் தூக்கினார்.

ப்ரூயிட் கெட்டிக்காரர். முதல் ஒரு மணி நேரம் கம்பெனியின் விதிப் புத்தகத்தைத் தானே படித்துக் காட்டினார். தகடு இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகினால் பெல்ட்டை நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் மேற்பார்வையாளர் பொறுப்பு என்று அதில் இருந்தது. பிறகு மெதுவாக வந்தார்.

"அந்தத் தகடு ஏறக்குறைய சரியாத்தானே இருந்துச்சு, மிஸ்டர் கங்காஸ்?"

"எங்க சார் சரியா இருந்துச்சு? இவ்வளவு தள்ளி நின்னுச்சு."

இரண்டு கையையும் மேஜை மேல் தூக்கிக் காட்டினார். முழுக் கை ஒரு பக்கம், இரண்டு விரல் கை ஒரு பக்கம். நடுவில் என் பை சுடும் தட்டு அப்படியே உட்காரும். அந்தத் தட்டை நான் முப்பது வருடமாகக் கழுவுகிறேன், அதன் அளவு எனக்குத் தெரியாதா?

ப்ரூயிட் அந்தக் கைகளைப் பார்த்தார். "சரி," என்றார். "அன்னிக்கு எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீங்க?"

நான் 'இவ்வளவு' என்று அடித்தேன். அடைப்புக்குறிக்குள் 'காட்டுகிறார்' என்று போட்டேன். போட்டுவிட்டு ட்ரெவரைப் பார்த்தேன். கேளேண்டா, எத்தனை அங்குலம் என்று ஒரு வார்த்தை கேளேன். அவன் மஞ்சள் காகிதத்தில் ஏதோ கட்டம் வரைந்துகொண்டிருந்தான். லூயெல்லாவின் கழுத்துத் தழும்பு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் வாயைத் திறக்கக் கூடாது. அளவைக் கேட்பது வக்கீல் வேலை. நான் கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்தவள் ஆகிவிடுவேன், என் உரிமமே போய்விடும். ஆத்திரத்தில் மெஷினைக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

பன்னிரண்டரைக்கு ப்ரூயிட் முடித்தார். ட்ரெவர் முறை.

"எனக்குக் கேள்வி இல்ல. விசாரணைக்கு வெச்சுக்கறேன்" என்றான்.

இதுவும் இவர்கள் பழக்கம். தன் சொந்தச் சாட்சியை இங்கே கேள்வி கேட்டால் கையில் இருப்பதை எதிரிக்குக் காட்டியதாகிவிடுமாம். எல்லாவற்றையும் விசாரணைக்கு மூட்டை கட்டி வைப்பார்கள். விசாரணை என்று ஒன்று வந்தால்தானே? அளவு எங்கேயும் இல்லை, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று ப்ரூயிட் அடுத்த மாதமே மனுப் போடுவார். லூயெல்லாவுக்குப் போட்ட மனுவில் பெயரை மாற்றினால் போதும்.

ப்ரூயிட் எழுந்து கோட்டை எடுத்தார். "முடிஞ்சுது. படிச்சுக் கையெழுத்துப் போடறதெல்லாம் வேண்டாம், வழக்கம்போல."

ட்ரெவர் தலையாட்டினான்.

இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வாய் உண்டு. கையெழுத்து விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுப் பதிவில் ஏற்றுவது என் கடமை. "தலையாட்டினா பதிவுல வராது சார்" என்றேன். என் குரல் எனக்கே கடுகடுவென்று கேட்டது. "சாட்சி தன்னோட பதிவைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறாரா, இல்ல வேண்டாம்னு விடறாரா? வாயால சொல்லுங்க."

"விட்டுடறோம்னு எழுதிக்கோ மார்லிஸ், எனக்குப் பசிக்குது" என்றார் ப்ரூயிட்.

"உங்களைக் கேக்கல சார்."

ட்ரெவர் சிவந்துபோய், "அது... வந்து, நாங்க..." என்று இழுத்தான்.

"ஒரு நிமிஷம் தம்பி" என்றார் கங்காஸ். "நான் படிக்கறேன்."

ப்ரூயிட் திரும்பினார். "இப்ப உங்ககிட்ட யாரும் கேள்வி கேக்கல."

"கேக்கலதான் சார். ஆனா இதுல போட்டிருக்கே." கங்காஸ் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மேஜை மேல் வைத்து இரண்டு விரலால் நீவினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நிதானமாக, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் இடம் விட்டுப் படித்தார். "'அஞ்சாவது குறிப்பு. பதிவைப் படித்துத் திருத்தும் உரிமை சாட்சிக்கும் உண்டு. வாக்குமூலம் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. முப்பது நாள் அவகாசம்.' இன்னும் முடியலைதானே அம்மா? நான் கேக்கறேன்."

அவர் படித்ததையெல்லாம் நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நானே எழுதியது, அந்த அறையில் ஒரு மனிதர் வாயிலிருந்து வந்து என் விரலுக்குள் போனது. கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவும் கை ஒழியவில்லை.

"யார் எழுதின காகிதம் அது?" என்றார் ப்ரூயிட்.

"எங்க ஆபீஸ் தாள் சார். மூணு வருஷமா மாசா மாசம் உங்க மேஜைக்கும் வருது."

ட்ரெவருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "சாட்சி படிச்சுக் கையெழுத்துப் போடுவார்" என்றான், நல்ல சத்தமாக. அதையும் அடித்தேன்.

மறுநாள் வெர்னா என் மேஜைக்கு வந்தாள். முதல் தேதி அல்ல, எனவே விஷயம் புரிந்தது.

"ப்ரூயிட் போன் பண்ணினான். நீ சாட்சிக்கு யோசனை சொல்லிக் கொடுத்தியாம்."

"சாட்சிகிட்ட வழக்கைப் பத்தி நான் வாயே தொறக்கல. வேணும்னா பதிவைப் படிச்சுப் பாரு."

"அந்தத் தாளை இனிமே வரவேற்பறையில வெக்காத. வக்கீலுங்களுக்கு மட்டும் அனுப்பு."

"வெர்னா, மூணு வருஷமா என்னை உக்கார வெச்சு எழுத வெச்சது நீ. இத்தனை நாள்ல படிச்சது ஒரே ஒரு ஆள். அவர் படிச்சுட்டார்னு இப்ப எடுக்கணுமா?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? அவன் போயிட்டா பாதி ஆபீசை மூடணும்." அவள் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. கட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பதிவைப் புத்தகமாக்கிவிட்டேன், படிக்கலாம் என்று கடிதம் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து முப்பது நாள். ட்ரெவர் தனக்குப் பிரதி கேட்கவே இல்லை, ஆகையால் கங்காஸ் எங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து படிக்க வேண்டும். பத்து நாள் ஆயிற்று, இருபது ஆயிற்று, ஆளைக் காணோம். ப்ரூயிட்டின் செயலாளர் மட்டும் தினமும் போன் செய்து, "திருத்தத் தாள் வந்துச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்தது. நான் கங்காஸைக் கூப்பிட்டு ஞாபகப்படுத்தக் கூடாது. இருபத்தேழாம் நாள் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டத் தொடங்கியது. இருபத்தெட்டாம் நாள் வடக்கே போகும் சாலையை மூடிவிட்டார்கள். நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஜன்னலுக்குப் போய் வந்தேன். யாரோ ஒரு மனிதருக்காக நான் ஏன் இப்படித் தவிக்கிறேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

இருபத்தொன்பதாம் நாள் பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. தொப்பியிலும் தோளிலும் பனியோடு கங்காஸ் நின்றார்.

"இவ்வளவு நாள் எங்க போனீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கையில இன்னொரு ஆபரேஷன் அம்மா. நேத்துதான் கட்டுப் பிரிச்சாங்க. சாலை தொறக்கறவரைக்கும் வண்டியிலேயே காத்திருந்தேன்." தொப்பியைக் கழற்றினார். "அப்புறம், ஏழாவது குறிப்புல ஒரு பை பத்திப் போட்டிருந்தது. அது இன்னும் இருக்கா?"

பதினான்கு மாதம் காத்திருந்தேன் இந்தக் கேள்விக்கு. வந்தது பாருங்கள், கொடுக்கவே கூடாத மனிதரிடமிருந்து. வழக்கு நடக்கும்போது சாட்சிக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாலும் தப்பு. "வழக்கு முடியட்டும், தரேன்" என்றேன். "இப்பக் கொடுத்தா என் வேலை போயிடும்."

"அதுவும் எதாவது குறிப்புல இருக்கா?"

"இனிமேதான் எழுதணும்."

சிரித்தபடி போய் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தார். நூற்றுப் பதினேழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் அந்த இரண்டு விரலால் திருப்பினார். நான் வேறு வேலை செய்வது போல் பாவனை செய்துகொண்டு, அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். பேனாவை எடுத்துத் திருத்தத் தாளில் எழுதினார். பிறகு மிச்சப் பக்கங்களையும் விடாமல் படித்து, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு திருத்தம். பக்கம் ஐம்பத்து மூன்று, வரி பன்னிரண்டு. 'இவ்வளவு' என்பதற்குப் பதிலாக 'ஒன்பது அங்குலம்'.

இனி அளவு எங்கேயும் இல்லை என்று ப்ரூயிட் மனுப் போட முடியாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும், திருத்தியதற்குக் காரணம் எழுத வேண்டும். எல்லாரும் 'தவறு' என்றோ 'தெளிவுக்காக' என்றோ எழுதிவிட்டுப் போவார்கள். கங்காஸ் கட்டம் நிறைய, கோணல்மாணலான எழுத்தில் எழுதியிருந்தார்.

'யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.'

லூயெல்லாவையும் யாரும் கேட்கவில்லை. அவள் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வக்கீல்கள் 'வழக்கம்போல' சொன்னபோது, 'வழக்கம்னா என்ன சார்' என்று நான்கூடக் கேட்கவில்லை. தாளைப் பதிவின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைத்துத் தைத்தேன். பிறகு வெர்னாவின் அறைக்குப் போய் அலமாரிச் சாவியைக் கேட்டேன்.